தப்பிய கைதிகள், கறைபடிந்த காவலர், பூட்டிய வீடு: செட்டிநாட்டுக் குற்றநாவல் எழுத முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி ஒரே ஒரு வகை நாவலுக்கானது. தண்டனைக் கைதிகள் இரண்டு மூன்று பேர் தப்பிச் செட்டிநாட்டுக்குள் நுழைகிறார்கள். அவர்களைத் தேடும் காவலர் சுத்தமானவர் அல்ல.

இந்தக் கருவோடு வரும் புதியவர்களின் கையெழுத்துப் பிரதிகளைத் தொடர்ந்து வாசித்துத் திருத்திக் கொடுத்துவருகிறேன். நானும் இந்த வகையில் ஒரு நாவலை எழுதி முடித்திருக்கிறேன். பாதியில் நின்றுபோகும் பிரதிகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நிற்கின்றன. துரத்தல் தொடங்கிவிடும், ஆனால் இந்த ஊரை உள்ளங்கைபோல் அறிந்த காவலர் ஏன் அவர்களை அன்றைக்கே பிடிக்கவில்லை என்பதற்கு எழுதுபவரிடம் பதில் இருக்காது. அதை மறைக்க ஜீப் பழுதாகும், மழை கொட்டும், செல்போன் சார்ஜ் தீரும். வாசகர் ஒரு தடவை பொறுப்பார். இரண்டாம் தடவை புத்தகத்தை மூடிவிடுவார்.

கைதிகள் ஒளியும் இடமும் காவலர் மறைக்கும் குற்றமும் ஒரே இடமாக இருந்தால் இந்தச் சிக்கல் வராது. அந்த அமைப்பை முதல் வரிக்கு முன்பே கட்டி முடிக்கும் வரிசையைத்தான் கீழே தருகிறேன். வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் அடுத்ததற்கு அஸ்திவாரம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்கள் இரண்டும் தெரியும் ஒரு வரைபடம். அதைப் பெரிய தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டுங்கள். செல்போன் திரையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். விரலால் நகர்த்தி நகர்த்திப் பார்க்கும்போது தூரம் மனதில் நிற்காது.

கதை நடக்கும் ஆண்டின் பஞ்சாங்கம். நிலவும் திருவிழாவும் இதில் கிடைக்கும். இரண்டும் கதையை நேரடியாகத் தொடும்.

ஒரு செட்டிநாட்டு வீட்டை உள்ளே போய்ப் பார்த்த அனுபவம். கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் விடுதியாக மாற்றிய வீடுகள் இருக்கின்றன. ஒரு வேளை சாப்பிட்டுவிட்டாவது வாருங்கள். ஆனால் பராமரித்த வீட்டை மட்டும் பார்த்துவிட்டு எழுதினால் பளபளப்புதான் வரும். பூட்டிக் கிடக்கும் வீட்டுத் தெருவில் மாலை நேரத்தில் நடந்து பாருங்கள்.

கீழ்நீதிமன்றத்தில் குற்றவழக்கு நடத்தும் ஒரு வழக்கறிஞர், பணி ஓய்வுபெற்ற ஒரு காவலர்: இந்த இருவரோடும் ஆளுக்கு ஒரு மணி நேரமாவது பேசுங்கள். எழுதிய பிறகு போனால் அவர்கள் சொல்லும் திருத்தம் ஒன்றே மொத்தக் கதையையும் உடைத்துவிடும்.

2. எங்கிருந்து தப்புகிறார்கள் என்பதை முடிவு செய்யுங்கள்

முதலில் ஓர் அடிப்படை. விசாரணைக் கைதி வேறு, தண்டனைக் கைதி வேறு. காவல் நீட்டிப்புக்காக நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்படுபவர் விசாரணைக் கைதி. தண்டனை பெற்றவர் நினைத்தபோதெல்லாம் வெளியே வரமாட்டார். வேறொரு வழக்குக்காகப் பி.டி. வாரண்டில் (சிறையில் இருப்பவரைக் கொண்டுவரச் சொல்லும் நீதிமன்ற உத்தரவு) வரலாம், மருத்துவமனைக்கு வரலாம், அவசர விடுப்பில் வரலாம். ஆயுள் கைதியை வாரந்தோறும் கோர்ட்டுக்கு வேனில் ஏற்றுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

மதுரை மத்திய சிறையின் மதிலைத் தாண்ட வைக்கலாம். ஆனால் அதை நம்பும்படி எழுத நாற்பது பக்கம் தேவைப்படும், அந்தப் பக்கங்களில் செட்டிநாடு இருக்காது. அதனால் நான் இரண்டு வழிகளைத்தான் பரிந்துரைப்பேன்.

ஒன்று வழிக்காவல். ஆயுதப்படைக் காவலர்கள் கைதியை அழைத்துப்போகும் பயணத்தில், பேருந்து நிலையத்திலோ மருத்துவமனைக் கழிப்பறையிலோ கை நழுவுகிறது. மற்றொன்று திறந்தவெளிச் சிறை. சிவகங்கை மாவட்டத்தில் காளையார்கோவில் பக்கம் புரசடை உடைப்பில் அப்படி ஒன்று இருக்கிறது. நன்னடத்தை பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட தண்டனைக் கைதிகள் அங்கே விவசாய வேலை செய்கிறார்கள். மத்திய சிறையின் மதில் அங்கே தடையில்லை. ஆகவே 'எப்படித் தப்பினான்' என்பது சிறிய கேள்வியாகி, 'ஏன் தப்பினான்' என்பது பெரிய கேள்வியாகிறது. நம்பி வெளியே விடப்பட்ட ஒருவன், பொறுத்திருந்தால் விடுதலை ஆகியிருக்கக் கூடியவன், ஏன் ஓடினான்? இந்தக் கேள்வி ஒன்றே நாவலின் பாதிச் சுமையைத் தாங்கும். எனக்கு இதுதான் பிடித்த தொடக்கம்.

இன்னொரு வசதியும் உண்டு. காலைக் கணக்கெடுப்புக்கும் மாலைக் கணக்கெடுப்புக்கும் நடுவே ஓடினால், ஆள் இல்லை என்பது தெரியவரச் சில மணி நேரமாகும். பிறகு சிறை அலுவலர் அந்த எல்லைக் காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டும், எஃப்.ஐ.ஆர். பதிவாக வேண்டும், வயர்லெஸ் மைக்கில் மற்ற நிலையங்களுக்குத் தகவல் போக வேண்டும். கைதிகளுக்கு இந்த அவகாசம் இயல்பாகவே கிடைக்கிறது.

3. எத்தனை பேர், ஒவ்வொருவருக்கும் எங்கே போக வேண்டும்?

மூன்றுக்கு மேல் வேண்டாம். ஐந்து பேரை ஓடவிட்ட பிரதிகளில் மூன்றாம் அத்தியாயத்திலேயே இரண்டு பேர் பெயரளவில் நின்றுவிடுகிறார்கள்.

ஒவ்வொருவருக்கும் போக வேண்டிய இடம் வேறாக இருக்கட்டும். ஒருவனுக்குக் கல்லல் பக்கத்தில் சாகக் கிடக்கும் தாய். இன்னொருவன் தேவகோட்டை வழியாகத் தொண்டிக் கடற்கரைக்குப் போக நினைப்பவன். மூன்றாமவன் எங்கும் போக விருப்பமில்லாதவன். மற்ற இருவரும் ஓடுவதைப் பார்த்துவிட்டான் என்பதற்காகவே இழுத்து வரப்பட்டவன். இப்படி வைத்தால் திசை பற்றிய சண்டை தானாக வரும். மூவரும் சேர்ந்து ஒரே இடத்துக்கு ஓடினால் உரையாடலுக்கு வேலையே இல்லை.

அவர்கள் செய்த பழைய குற்றத்தைத் துல்லியமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: எந்த ஊர், யாரை, எதனால், எத்தனை ஆண்டு தண்டனை. நாவலில் அதில் கால்வாசிதான் வெளியே வரும். மீதி, அவன் ஒரு குழந்தையைப் பார்க்கும்போது தலையைத் திருப்பிக்கொள்வதில் தெரியும்.

4. வரைபடத்தில் நடந்து பாருங்கள்

காளையார்கோவிலிலிருந்து காரைக்குடி, நேர்கோட்டில் ஏறத்தாழ 30 கி.மீ. இருட்டில், சாலையை விட்டு விலகி, முள்ளில் நடப்பவன் மணிக்கு 3 கி.மீ. போனால் அதிகம். நேர்கோட்டுக்கே பத்து மணி நேரம்; வளைந்து சுற்றிப் போகிறவன் ஒரே இரவில் வந்து சேர மாட்டான். ஒரு பகல் எங்காவது படுத்துக் கிடக்க வேண்டும். அந்தப் பகல் எங்கே என்று வரைபடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். சீமைக்கருவேலங் காடா, கண்மாயின் உபரித் தண்ணீர் வெளியேறும் கலுங்கின் அடியா, தைலமரத் தோப்பா? தைலமரத் தோப்பில் நிழல் குறைவு, கீழே புதரும் இல்லை. தூரத்திலிருந்தே ஆள் தெரியும். கருவேலங் காட்டில் மறைவு உண்டு, ஆனால் விறகு வெட்டுபவர்களும் கரிமூட்டம் போடுபவர்களும் வருவார்கள்.

மானாமதுரையிலிருந்து சிவகங்கை, கல்லல் வழியாகக் காரைக்குடிக்கு வரும் ரயில் பாதையைப் பிடித்து நடந்தால் வழி தவறாது. ஆனால் கேட் கீப்பர்கள் இருக்கிறார்கள். திருச்சி–ராமேஸ்வரம் நெடுஞ்சாலை புதுக்கோட்டை, திருமயம், காரைக்குடி, தேவகோட்டை வழியாகப் போகிறது. அங்கே லாரி கிடைக்கும்; சோதனையும் இருக்கும். ஒவ்வொரு வழிக்கும் இப்படி ஒரு லாபமும் ஒரு ஆபத்தும் எழுதுங்கள். பாத்திரம் தேர்வு செய்வதை வாசகர் பார்க்க வேண்டும்.

பருவத்தை இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்தாக வேண்டும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய்கள் நிறைந்திருந்தால் குறுக்கே நடக்க முடியாது, கரையில்தான் நடக்க வேண்டும். கரையில் நடப்பவன் வானத்துக்கு எதிரே நிழலாகத் தெரிவான். சித்திரையில் கண்மாய் வெடித்துக் கிடக்கும், குறுக்கே நடக்கலாம். ஆனால் தண்ணீர் எங்கே? ஒரே பாதை, இரண்டு பருவத்தில் இரண்டு கதை. பருவத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்களின் பிரதியில் வறண்ட கண்மாயில் ஒருவன் முங்கி ஒளிவதைக் கண்டிருக்கிறேன்.

தை மாதம் என்றால் சிராவயல் மஞ்சுவிரட்டு வரும். மாவட்டக் காவலர்களில் பலர் அங்கே பாதுகாப்புக்குப் போய்விடுவார்கள், கூட்டத்தில் புதுமுகம் யாருக்கும் உறுத்தாது. ஆவணி என்றால் பிள்ளையார்பட்டி சதுர்த்தி. திருவிழாவைப் பின்னணி அலங்காரமாக வைக்காதீர்கள். அன்றைக்குக் காவல் நிலையத்தில் எத்தனை பேர் மிச்சம் என்ற கணக்குக்காக வையுங்கள்.

மாவட்ட எல்லைக்குச் சிவப்புக் கோடு போடுங்கள். இது பலர் கவனிக்காத சொத்து. காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் எல்லாம் சிவகங்கை மாவட்டம். திருமயம், ராயவரம், அரிமளம் பக்கம் புதுக்கோட்டை மாவட்டம். காவல்துறையில் சிவகங்கை ராமநாதபுரம் சரகத்தில், தென்மண்டலத்தில் இருக்கிறது. புதுக்கோட்டை திருச்சி சரகத்தில், மத்திய மண்டலத்தில் இருக்கிறது. கைதி கானாடுகாத்தானிலிருந்து சில கி.மீ. வடக்கே நடந்தால் எஸ்.பி. மட்டுமல்ல, டி.ஐ.ஜி.யும் ஐ.ஜி.யும் மாறிவிடுகிறார்கள். எல்லை தாண்டித் தேட வேண்டுமென்றால் தகவல் சொல்ல வேண்டும், சொன்னால் பதிவாகும். மறைக்க ஏதோ இருக்கும் காவலருக்கு அந்தப் பதிவுதான் பயம்.

5. வீட்டை வரையுங்கள்

எழுத்தில் இறங்கும் முன் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய படி இதுதான். கைதிகள் ஒளியும் வீட்டின் தரைப்படத்தைக் கையால் வரையுங்கள்.

பெரிய செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முன்னே திண்ணையும் முகப்பும். அதைத் தாண்டினால் வளவு; நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் வரிசையாக அறைகள். பிறகு இரண்டாங்கட்டு, அடுப்படி, கிணறு, பின்வாசல். முன்வாசலில் நின்று நேராகப் பார்த்தால் பின்வாசல் வரை தெரியும் வீடுகளும் உண்டு. அப்படி ஒரு வீட்டில் கதவுகள் திறந்திருந்தால் ஒளிய முடியாது. மூடியிருந்தால் ஒளிந்தவனுக்கு வெளியே எதுவும் தெரியாது. இதைக் காட்சியாக்குங்கள்.

அடுத்து சாவிகள். வீடு ஒருவருக்கு மட்டும் சொந்தமாக இருக்காது. அண்ணன் தம்பி பிள்ளைகள், பேரன்கள் என்று பங்கு பிரிந்து, வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பங்காளிக்கு உரியதாக இருக்கும். ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில், ஒருவர் பேச்சுவார்த்தையே இல்லாமல். ஆகவே முகப்புச் சாவி வைத்திருப்பவருக்கு உள்ளறைகளில் என்ன இருக்கிறதென்று தெரியாது. ஓர் அறையில் ஆள் இருந்தாலும், அந்தப் பூட்டைத் திறக்கும் உரிமை பக்கத்து அறைக்காரருக்கே இல்லை. யார் யாரிடம் எந்தச் சாவி என்று பட்டியல் போடுங்கள். கதையின் பாதித் திருப்பங்கள் அந்தப் பட்டியலிலிருந்து வரும்.

மூன்றாவதாக, யார் வந்துபோகிறார்கள்? வாசல் பெருக்கிக் கோலம் போடும் அம்மா தினமும் வருவார். காவல்காரர் முகப்பில் படுப்பார். படைப்புக்கோ (முன்னோருக்குப் படையல் வைக்கும் குடும்ப வழிபாடு) கல்யாணத்துக்கோ பங்காளிகள் எல்லோரும் ஒரே நாளில் வந்து இறங்குவார்கள். ஆண்டு முழுக்கச் சத்தமற்றுக் கிடந்த வீடு ஒரே காலையில் நூறு பேரால் நிரம்பும். பங்காளிகள் வரப்போகும் தேதியைக் கதையின் தொடக்கத்திலேயே வாசகரிடம் சொல்லிவிடுங்கள். கைதிகளுக்குத் தெரியாமல் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கும்.

இங்கே வரும் பிழைகளில் பெரியது, கதவை உதைத்து உள்ளே போவது. பர்மாத் தேக்கில் செய்த நிலைக்கதவு உதைக்குத் திறக்காது, கால்தான் உடையும். பலவீனமான இடம் பின்பக்கம் அல்லது மேலே. கூரை ஓட்டில் ஏறி முற்றத்துக்குள் இறங்கலாம், முற்றத்தில் கம்பி வலை இல்லாவிட்டால். ஓடு உடையும் சத்தம் தெருவுக்கே கேட்கும். இதற்கு ஒரு விடை கண்டுபிடித்தாக வேண்டும். விடை அடுத்த படியில் இருக்கிறது.

தரை, ஆத்தங்குடிக் கல் பதித்தது. பூட்டிய வீட்டில் அதன்மேல் தூசி படிந்திருக்கும்; வெறுங்கால் நடந்த தடம் அப்படியே நிற்கும். முற்றம் திறந்திருப்பதால் இருமல் மேலே எழுந்து பக்கத்து மொட்டைமாடிக்குப் போகும். அடுப்பு மூட்டினால் புகை. கிணற்றில் இறைத்தால் ராட்டினம் கிறீச்சிடும். ஒளிந்திருப்பவன் பசியோடும் தாகத்தோடும் இருப்பவன் என்பதை மறந்துவிடாதீர்கள். முதல் இரவில் அவன் எதைக் குடிக்கிறான் என்று நீங்கள் சொல்லாவிட்டால் அவன் வெறும் பெயர்தான்.

பாத்திரங்களைக் கவனியுங்கள். நகரத்தார் வீட்டுப் பாத்திரங்களில் குடும்பத்தின் விலாச எழுத்துகள் (குடும்பத்தை அடையாளம் காட்டும் முதலெழுத்துகள்) வெட்டப்பட்டிருக்கும். பசிக்காக ஒரு பித்தளைத் தூக்கை எடுத்துப்போய்ப் பழைய பாத்திரக் கடையில் விற்றால், அந்த எழுத்துகள் எந்த வீடு என்று சொல்லிவிடும். விரல்ரேகை, டவர் விவரம் எல்லாவற்றையும்விட இந்த மண்ணுக்கு இயல்பான தடயம் இது.

6. காவலரின் குற்றத்துக்குத் தேதியும் தாளும் கொடுங்கள்

குடிக்கிறார், மனைவி இறந்துவிட்டார், மேலதிகாரியிடம் எரிந்து விழுகிறார். புதியவர்கள் கொண்டுவரும் 'குறையுள்ள காவலர்' இப்படித்தான் இருக்கிறார். இவை குணங்கள். கதையை நகர்த்தாது. குடிக்கும் காவலரும் குடிக்காத காவலரும் ஒரே நேரத்தில் கைதியைப் பிடித்துவிட முடியும்.

காவலரின் குற்றத்துக்கு ஒரு நாள் வேண்டும், அதனால் பயன்பெற்ற ஓர் ஆள் வேண்டும், எங்கோ கிடக்கும் ஒரு காகிதம் வேண்டும். நான் பயிற்சிக்குக் கொடுக்கும் அமைப்பு இது. காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. வீட்டை இடிப்பவர்களும் பங்கை விற்பவர்களும் முறையாகவே தூணையும் கதவையும் கொடுக்கிறார்கள். முறையில்லாமலும் பொருள் வெளியேறலாம் அல்லவா? உங்கள் கற்பனைத் தரகர் ஒருவர், பூட்டிய வீடு ஒன்றின் பின்வாசல் நிலைக்கதவைப் பெயர்த்து வண்டியில் ஏற்றுகிறார். ஊருக்கு வந்த பங்காளி ஒருவர் மனு கொடுக்கிறார். நம் காவலரான சிறப்பு உதவி ஆய்வாளர் (எஸ்.எஸ்.ஐ.) அந்த மனுவுக்குச் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனு பெற்றதற்கான ரசீது, போடாமல் மேசை இழுப்பறையில் வைத்துவிடுகிறார். மகளின் கல்லூரிக் கட்டணம் அந்த வாரம் கட்டப்படுகிறது. பங்காளி விமானம் ஏறிவிடுகிறார். பின்வாசலில் தகரம் அடித்து மூடியாகிவிட்டது.

இப்போது அந்தத் தகரத்தை நகர்த்தித்தான் கைதிகள் உள்ளே போகிறார்கள். ஐந்தாம் படியில் நின்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. கூடவே பெரிய கேள்விக்கும்: காவலர் ஏன் உடனே பிடிக்கவில்லை? அந்த வீட்டில் ஆள் இருப்பதாகச் சொன்னால் அடுத்த கேள்வி 'எப்படி உள்ளே போனார்கள்' என்பதாகத்தான் இருக்கும். எஸ்.பி. வந்து நிற்பார், கதவு எங்கே என்பார், மனு வெளியே வரும். அவர் அவர்களைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த வீட்டில் வைத்துப் பிடிக்கக் கூடாது. எப்படியாவது வெளியே வரவழைக்க வேண்டும். இனி ஜீப் பழுதாக வேண்டிய அவசியமே இல்லை.

பதவியைப் பற்றி. நேரடித் தேர்வில் வந்த இளம் எஸ்.ஐ.யைவிட, காவலராகச் சேர்ந்து ஏட்டாகி எஸ்.எஸ்.ஐ. ஆனவர் இந்தக் கதைக்குப் பொருந்துவார். சுற்றுவட்டாரத்திலேயே பல ஆண்டு கழித்தவர். எந்த ஆச்சி எப்போது ஊருக்கு வருவார் என்று அறிந்தவர். புதிதாக வந்த ஆய்வாளர் அவரையே நம்பியிருக்கிறார். அவருடைய அறிவும் அவருடைய அழுக்கும் ஒரே வேரிலிருந்து வர வேண்டும்.

அவரை வெறுக்கும்படி எழுதாதீர்கள், மன்னிக்கும்படியும் எழுதாதீர்கள். அந்த மனுவைக் கொடுத்தவருக்கு அது தாத்தா வைத்த கதவு. ஒரு காட்சியிலாவது அந்த இழப்பின் கனம் தெரிய வேண்டும்.

7. சட்டத்தைத் தேதியோடு பொருத்துங்கள்

கதை 2024 ஜூலை 1-க்கு முன்பா பின்பா? முன்பு என்றால் இந்திய தண்டனைச் சட்டம், பின்பு என்றால் பாரதிய நியாய சன்ஹிதா. காவலில் இருந்து தப்புவது பழைய சட்டத்தில் 224, புதியதில் 262. இரண்டிலும் 2 ஆண்டு வரை, அதுவும் பழைய தண்டனைக்கு மேல். அலட்சியத்தால் கைதியைத் தப்பவிட்ட அரசு ஊழியருக்குப் பழைய 223, புதிய 261. வழிக்காவலில் இருந்த ஆயுதப்படைக்காரர் இந்தப் பிரிவுக்குப் பயந்து சொல்லும் பொய் ஒன்றே தேடலை ஒரு நாள் திசை திருப்பும்.

எனக்கு மிகவும் பயன்பட்ட பிரிவு, தப்பியவருக்கு அடைக்கலம் கொடுப்பது: பழையது 216, புதியது 253. கொலை வழக்கில் உள்ளே இருந்தவருக்கு இடம் கொடுத்தால் 7 ஆண்டு வரை போகலாம். ஆனால் கணவனுக்கோ மனைவிக்கோ அடைக்கலம் கொடுத்த வாழ்க்கைத் துணைக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. தாய்க்கு அந்த விலக்கு இல்லை. கல்லலில் சாகக் கிடக்கும் அந்தத் தாயின் வீட்டுத் திண்ணையில் காவலர் உட்கார்ந்து இதை மெதுவாக விளக்கும் காட்சியை எழுதிப் பாருங்கள். துப்பாக்கி தேவைப்படாது.

துப்பாக்கியால் முடிக்கத்தான் வேண்டுமென்றால் அதன் பின்விளைவையும் எழுதுங்கள். காவலர் சுட்டு ஒருவர் இறந்தால் சி.ஐ.டி. அல்லது வேறு காவல் நிலையக் குழு விசாரிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணை நடக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் நெறிமுறை வகுத்திருக்கிறது. கறை உள்ள காவலருக்கு அதுதான் மிகப் பெரிய ஆபத்து: அவருடைய இழுப்பறையை அந்நியர்கள் திறப்பார்கள். உயிரோடு பிடித்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் கணக்கில் வராது. அங்கே கைதி வாய் திறப்பான். இரண்டு வழியும் அவருக்கு அடைபட்டிருக்கிறது. உச்சக்கட்டத்தை இந்த இடத்தில் கட்டுங்கள்.

8. யாருக்கு எப்போது என்ன தெரியும்?

ஒரு பெரிய தாளில் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் நாள், நேரம். மேலே பாத்திரங்கள்: கைதிகள் ஒவ்வொருவரும், காவலர், ஆய்வாளர், வாசல் பெருக்கும் அம்மா, தரகர், வெளியூர்ப் பங்காளி. ஒவ்வொரு கட்டத்திலும் அந்த நேரத்தில் அந்த ஆளுக்குத் தெரிந்தது மட்டும். சலிப்பான வேலை, ஆனால் தவிர்க்க முடியாது. இது இல்லாத பிரதிகளில் ஆய்வாளர் இன்னும் யாரும் சொல்லாத ஒன்றை வைத்துக் கேள்வி கேட்பார்.

ஊரார் முதலில் சந்தேகிப்பது தப்பிய கைதியை அல்ல, கதவு, தூண் திருடுபவர்களை. ஆகவே நிலையத்துக்கு வரும் முதல் தகவல் தவறான தலைப்பில் வரட்டும். அதை வாங்குபவர் நம் எஸ்.எஸ்.ஐ. ஆகவே இருக்கட்டும்.

9. எழுதும் வரிசை

முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்காதீர்கள். காவலர் அந்த வீட்டு வாசலில் வந்து நின்று, உள்ளே ஆள் இருப்பதைப் புரிந்துகொண்டு, திரும்பிப் போகும் காட்சியை முதலில் எழுதுங்கள். அது நாவலின் நடுவே வரும். அது நிற்கிறது என்றால் நாவல் நிற்கும்.

பயிற்சிக்காக நான் எழுதிக் காட்டும் துண்டு:

"என்னத்தா, போட்ட கோலம் கலைஞ்சு கெடக்கு?"

"நாய் மிதிச்சிருக்கும்ங்கய்யா."

"பின்வாசச் சாவி யாருகிட்ட இருக்கு?"

"பின்வாசலுக்கு ஏதுங்கய்யா சாவி? கதவுதான் இல்லையே."

அவர் கிணற்றடியைப் பார்த்தார். கயிறு நனைந்திருந்தது.

"சரி. நீ வேலைய முடிச்சுட்டு நேரத்தோட வீட்டுக்குப் போ."

இதில் யாரும் பயத்தைப் பற்றிப் பேசவில்லை. அந்த அம்மா கதவைச் சொன்னது சாதாரணமாகத்தான். அது எங்கே போய்த் தைக்கிறது என்பது வாசகருக்கும் எஸ்.எஸ்.ஐ.க்கும் மட்டும் தெரியும். புதியவர்கள் இங்கே 'அவர் முகம் வெளிறியது, இதயம் படபடத்தது' என்று சேர்ப்பார்கள். சேர்த்தவுடன் காட்சி செத்துவிடும். அவர் அந்த அம்மாவை வீட்டுக்குப் போகச் சொல்வதில் அக்கறையும் இருக்கிறது, சாட்சியை அகற்றும் கணக்கும் இருக்கிறது.

இதற்குப் பிறகு முடிவுக் காட்சி, அதன் பிறகு தொடக்கம். தப்பிக்கும் காட்சியைக் கடைசியில் எழுதுங்கள்; ஒருவேளை அது தேவையே இல்லை என்று தோன்றலாம். கைதிகளின் அத்தியாயமும் காவலரின் அத்தியாயமும் மாறி மாறி வரலாம், ஆனால் ஒன்றுக்கு ஒன்று என்று கணக்கு வைக்காதீர்கள். வீட்டுக்குள் நெருக்கடி முற்றும்போது மூன்று அத்தியாயம் தொடர்ந்து உள்ளேயே இருங்கள்.

10. பேச்சு, சாதி, அடையாளம்

வட்டாரப் பேச்சு உரையாடலில் போதும். விவரிப்பிலும் கலந்தால் வெளியூர் வாசகர் தடுக்கி விழுவார். நகரத்தார் குடும்பத்தில் அப்பாவை அப்பச்சி என்பார்கள், பெரிய பெண்களை ஆச்சி என்பார்கள். மதுரைச் சிறையில் பழகிய கைதி அப்படிப் பேச மாட்டான். ஒவ்வொருவரும் யாரை எப்படி அழைப்பார் என்று தனித் தாளில் எழுதுங்கள்.

கைதியின் குற்றத்துக்குப் பிறப்பைக் காரணமாக்காதீர்கள். 1871-இல் வந்த குற்றப்பரம்பரைச் சட்டம் பின்னர் மதராஸ் மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டு, தென்மாவட்டச் சமூகங்களை மொத்தமாகக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்தியது. கைரேகை வைக்கப் போன தலைமுறையின் பேரப்பிள்ளைகள் உங்கள் வாசகர்கள். அதேபோல் பூட்டிய வீட்டுக்காரர்களைப் பேராசைக்காரர்களாகத் தீட்டுவதும் சோம்பேறித்தனம். வீட்டை விற்கவும் மனமில்லாமல் காக்கவும் வழியில்லாமல் தவிப்பவர்கள் அவர்களில் நிறைய.

11. பதிப்பாளரிடம் கொடுப்பதற்கு முன்

மூன்று பேர் படிக்கட்டும். வழக்கறிஞர் சட்டத்துக்காக; செட்டிநாட்டு வீட்டில் வளர்ந்த ஒருவர் அறைகளுக்காகவும் உறவு முறைக்காகவும்; இந்தப் பக்கமே வராத ஒருவர் கதைக்காக. மூன்றாமவருக்கு எந்த இடத்தில் வழி தெரியாமல் போகிறது என்று மட்டும் கேளுங்கள், நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள்.

பிறகு பெயர்களைச் சோதியுங்கள். கிராமத்தின் பெயரைக் கற்பனையாக்கி, கானாடுகாத்தானுக்கும் திருமயத்துக்கும் நடுவே எங்கோ என்று விடுவது நல்லது. சுற்றியுள்ள உண்மையான ஊர்கள் அதைத் தாங்கிக்கொள்ளும். பாத்திரத்தில் வெட்டியிருக்கும் விலாச எழுத்துகளை நீங்கள் சும்மா உருவாக்கியிருந்தாலும், அதே எழுத்துகளில் உண்மையான குடும்பம் ஒன்று இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இரண்டு மூன்று நகரத்தார் நண்பர்களிடம் காட்டி, பொருந்தினால் மாற்றிவிடுங்கள். காவல் நிலையத்துக்கும் அப்படியே: மாவட்டம் உண்மையாக இருக்கலாம், நிலையமும் அதில் பணியாற்றுபவர்களும் கற்பனையாக இருக்க வேண்டும். பழம்பொருள் தரகரின் கடையை நிஜத் தெருவில் வைக்காதீர்கள். வேறொரு சந்தில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு கிடங்கில் வையுங்கள்.